பி12 மாத்திரை: ஆறு வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். 2009இல் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்தது, அன்றிலிருந்து அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். 2014இல் கணவர் தவறிய பிறகு முழுச் சைவம். முட்டையும் இல்லை. குடிப்பதும் பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீர், தே ஓ கோசோங்தான். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் உடம்பில் பி12 என்ற வைட்டமின் குறைந்துவிடும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

2018 கடைசியில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ராத்திரியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். செருப்பு கழன்றதே தெரியாமல் வாசலில் நாலு எட்டு நடந்திருக்கிறேன். இனிப்புநீர் வந்தால் கால் இப்படித்தான் ஆகும் என்றார்கள், நானும் நம்பினேன். கோயிலில் பழக்கமான ஒருவர் ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை விற்றார். சைவக்காரர்களுக்கு வேண்டிய பி12 இதிலேயே இருக்கிறது என்றார். அதோடு ஒரு மல்டிவைட்டமின், முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற இன்னொரு வைட்டமின். மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) போனது. ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டும் கால் அப்படியே இருந்தது. நாக்கு வேறு சிவந்து வழுவழுப்பாகி, ரசம் பட்டாலே எரிந்தது.

மகள்தான் பிடிவாதமாக, "அம்மா, முதல்ல ரத்தத்தைப் பாருங்க" என்று ஈப்போவுக்குக் கூட்டிப்போனாள். பி12 மிகவும் குறைவு. ஆனால் ரத்தச்சோகை இல்லை. டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. மல்டிவைட்டமினில் இருக்கும் ஃபோலிக் அமிலம் என்ற சத்து, பி12 குறைவதால் வரும் ரத்தச்சோகையை மறைத்துவிடலாமாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும் வேறொரு பொருள், நம் உடம்புக்கு உதவாது. சைவம் சாப்பிடும் எத்தனையோ பேர் இதை நம்பி இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

முதலில் சில வாரம் ஊசி. அப்புறம் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தானே, இவ்வளவு எதற்கு என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ஆண்ட்டி, மெட்ஃபார்மின் ரொம்ப நாள் சாப்பிட்டால் குடல் பி12ஐச் சரியாக இழுக்காது. பெரிய அளவில் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்காவது தானாக உள்ளே போகும், அதுவே போதும்" என்றார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. சர்க்கரைக்கு அது வேண்டும்.

ஒரு மாதத்தில் நாக்கு எரிச்சல் போனது. நாலாவது மாதம் எறும்பு ஊர்வது குறைந்தது. அரை வருடத்தில் செருப்பு காலில் இருப்பது தெரிந்தது. இடது கட்டைவிரலில் மட்டும் இன்றுவரை உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் முழுதாக மீளாமல் போகலாமாம். அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் இருந்திருக்கலாம்.

மற்ற மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும் என்று கேள்விப்பட்ட பிறகு அதைத் தொடுவதே இல்லை. பி1, பி6, பி12 மூன்றும் கலந்த சிவப்பு மாத்திரையைப் பக்கத்து வீடுகளில் மிட்டாய் போல விழுங்குகிறார்கள். பி6 அதிக அளவில் ரொம்ப நாள் போனால் அதுவே கால் மரத்துப்போகக் காரணமாகிவிடும். அதனால்தான் நான் தனி பி12 மட்டும் வாங்குகிறேன்.

வாங்கும்போது டப்பாவில் MAL என்று தொடங்கும் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சத்து மாத்திரை என்றால் அந்த எண் N என்ற எழுத்தில் முடியும். பாரம்பரிய மருந்துக்கு T. எண்ணே இல்லாமல் வீடு தேடி வரும் டப்பாக்களை இப்போது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம் எதிர் வீட்டு அக்கா, பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், கால் மரக்கிறது, உன் மாத்திரையில் ரெண்டு கொடு என்று வந்தார். கொடுக்கவில்லை. வியாழக்கிழமை ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகிறேன்.