குழம்பை உறைய வைப்பதா, மசாலாவை உறைய வைப்பதா?

"ஏலே, பழைய குழம்பைப் பெட்டியில பூட்டி வச்சா அது புதுசாயிருமாலே?"

2023 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஃபிரீசருக்குள் சாம்பார் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மா கேட்டது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே மூடினேன். நாலு மாதம் கழித்து அம்மா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீதிப் பாதியில் இன்றைக்கும் நான்தான் ஜெயித்தவன்.

எனக்கு வள்ளியூரில் வேலை. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி வண்டியைப் பிடித்தாக வேண்டும். வீட்டுக்காரி ஆஸ்பத்திரி நர்ஸ். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸில் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியாது. ஆக, காலையில் சமையல் என்பது என் கையில் இருக்கும் முக்கால் மணி நேரம்.

இதற்கு எங்களுக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சமைத்து முடித்த குழம்பு, கூட்டு, சோறு எல்லாவற்றையும் அப்படியே உறைய வைப்பது. இரண்டு, பாதியில் நிறுத்துவது: வதக்கிய வெங்காயம் தக்காளி மசாலா, வேகவைத்த பருப்பு, பயறு, தேங்காய்த் துருவல் என்று தனித்தனியாக உறைய வைத்து, காலையில் சேர்த்துக் கொதிக்க விடுவது. மூன்று, பார்சல்.

பார்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஷிப்ட் மாறும் வாரத்தில் இரண்டு நாள் வாங்கத்தான் செய்கிறோம். வாரம் முழுக்க வாங்கினால் எண்ணெயும் உப்பும் நம் கையில் இல்லை, காசும் நிற்காது. கடையில் விற்கும் உறைந்த பரோட்டா, சப்பாத்தியும் அதே கதைதான். அதை விட்டுவிடலாம்.

முதல் வழிக்கும் இரண்டாவது வழிக்கும்தான் உண்மையான போட்டி. நான் முதலில் போனது முதல் வழியில். கேட்பதற்கு அதுதான் சுலபம்: ஒருநாள் சமையல், ஆறு நாள் சாப்பாடு. ஜூனிலிருந்து அக்டோபர் வரை அப்படித்தான் ஓட்டினோம். சாம்பார், கொண்டைக்கடலைக் குழம்பு, அவியல், ஒருமுறை தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி கூட. எல்லாம் ஒன்றரை லிட்டர் டப்பாவில்.

சொதியில்தான் முதல் அடி. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் கலந்து நிற்கும் சமாசாரம். உறையும்போது ஐஸ் ஊசிகள் அந்தக் கட்டைக் குலைத்துவிடும். உருக்கியபோது தெளிந்த தண்ணீர் தனி, துருவல் துருவலாக வெள்ளை தனி. நாக்கில் வைத்தால் கெட்டுப்போகவில்லை, ஆனால் மறுவீட்டு விருந்துச் சொதியைச் சாப்பிட்டு வளர்ந்த எவரும் அதைச் சொதி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே கிடந்த உருளைக்கிழங்கோ மணல் மாதிரி ஆகியிருந்தது. அவியலும் அப்படியேதான்: தயிர் திரிந்து, வாழைக்காய் பஞ்சாகி, வெள்ளரி நீர் விட்டு. பச்சைத் தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு எதுவுமே உறைந்து எழுந்தபோது பழைய உருவத்தில் வரவில்லை. திருநெல்வேலிச் சமையலில் தேங்காயைக் கழித்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நான் வழியை மாற்றியது தேங்காயால் இல்லை. உருகும் நேரத்தால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபிரீசர் சமையலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உள்ளே வைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். வெளியே எடுப்பதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி சாம்பார் டப்பாவை ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்ற மறந்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு எடுத்தால் கல் மாதிரி இருக்கிறது. வெந்நீரில் டப்பாவை இறக்கினேன். ஓரம் இளகியதும் கட்டியைச் சட்டியில் கவிழ்த்து அடுப்பை ஏற்றினேன். சுற்றியிருந்தது கொதிக்கிறது, நடுவில் ஒரு ஐஸ் உருண்டை கரண்டியில் பட்டு டங் டங் என்கிறது. தீயைக் கூட்டினேன். அடியில் பருப்பு பிடித்தது, மேலே உருண்டை அப்படியே மிதந்தது. ஆறு நாற்பதுக்குத் தீய்ந்த வாசனையோடு ஒரு குழம்பு கிடைத்தது. பஸ் போய்விட்டது. பிள்ளைகள் அன்றைக்குத் தயிர்ச்சோறு.

மறதி ஒருநாள்தானே என்று கேட்கலாம். மறக்காத நாளிலும் கணக்கு இடித்தது. ஒன்றரை லிட்டர் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் முழுதாக உருக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு இறக்கி வைத்தால் காலையில் நடு இன்னும் கட்டிதான். வெளியே மேடையில் வைக்கலாமே என்றால், நம்மூர் வெயிலுக்கு ராத்திரியும் அடுப்படி வெக்கைதான். ஓரம் இளகிச் சூடேறிப் பல மணி நேரம் கிடக்கும்போது நடு இன்னும் உறைந்திருக்கும். ஃபிரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க மட்டும் வைக்கிறது. 5 டிகிரிக்கு மேல் போனதும் அது எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

இங்கே விஷயம் தடிமன்தான். கட்டியின் தடிமன் இரண்டு மடங்கானால் உருகும் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, நாலு மடங்கு வரைக்கும் போகும். உறைவதற்கும் அதே விதி. மெதுவாக உறைந்தால் ஐஸ் ஊசி பெரிதாக வளர்ந்து காயின் உள்சுவரைக் கிழிக்கும். சீக்கிரம் உறைந்தால் ஊசி சின்னது, சேதமும் சின்னது. இன்றைய கனடாவின் லாப்ரடார் குளிரில் மீன் சட்டென்று உறைவதைப் பார்த்துவிட்டு வந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1920களில் செய்த இயந்திரமும் பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் வகைதான். எங்கள் வீட்டில் தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் தட்டு.

அந்த வாரம் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். இப்போது செய்வது இதுதான்.

சனிக்கிழமை மகாராஜநகர் உழவர் சந்தையில் காய் வாங்கும்போதே சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒன்றரைக் கிலோ, பூண்டு 100 கிராம். உரிக்கிற வேலை அம்மாவுக்கு. உட்கார்ந்தபடி செய்யலாம், கூடவே எனக்குத் திட்டும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அகலமான சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய் விட்டு, வெங்காயம் பூண்டு வதங்கியதும் தக்காளி, மஞ்சள், கொஞ்சம் உப்பு போட்டுத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும் வரைக்கும் கிண்டுவேன். காரம் இப்போது வேண்டாம், அன்றன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு அடுப்பில் துவரம்பருப்பு அரைக் கிலோ, குக்கரில் கொண்டைக்கடலை அல்லது தட்டப்பயறு.

வெந்ததும் சட்டியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஆற்ற வேண்டும். சமைத்த எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டோடு ஃபிரீசரில் தள்ளினால் பக்கத்தில் இருப்பதும் இளகும்.

ஆறியதை ஜிப் கவரில் கால் கிலோ வீதம் போட்டு, காற்றைத் தள்ளி, சுண்டுவிரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தித் தட்டில் படுக்க வைக்கிறேன். பெயரும் தேதியும் கவரில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஈரமான கவரில் மார்க்கர் பிடிக்காது. எழுதாமல் விட்ட ஒரு வாரம் தட்டப்பயறு என்று நினைத்துக் கொண்டைக்கடலையைக் கத்திரிக்காயோடு சேர்த்துவிட்டேன். உறைந்த பிறகு பொட்டலங்களை நோட்டுப் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம். டப்பாவாக இருந்தபோது எட்டுதான் பிடித்தது. இப்போது அதே ஃபிரீசரில் இருபத்துநாலு.

காலையில் ஒரு பொட்டலத்தைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டி, இரண்டாக ஒடித்துச் சட்டியில் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கிறது. ராத்திரி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது எதுவுமே இல்லை. என்னைப் பொறுத்தவரை வெற்றி தோல்வி இங்கேயே முடிந்துவிட்டது. மேற்கொண்டு, ஒரே வெங்காயத் தக்காளியிலிருந்து திங்கள் இடிசாம்பார் (வறுத்து இடித்த பொடி தனி டப்பாவில் இருக்கிறது), செவ்வாய் கடலைக் குழம்பு, புதன் முட்டைக் குழம்பு. பிள்ளைகளுக்கு மூன்றும் வேறு வேறு குழம்பு.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கும் இதில்தான் எனக்கு நேரான பதில் இருக்கிறது. 100 மில்லி எண்ணெய் ஆறு பொட்டலத்துக்கு என்றால், ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 17 மில்லி, தாளிப்பு தனி. முருங்கைக்காயோ வெண்டைக்காயோ அன்றைக்கு நறுக்கி அன்றைக்கு வேகிறது. முழுக்குழம்பு வழியில் காய் ஒருமுறை வெந்து, உறைந்து, மறுபடி கொதித்து, டிபன் பாக்ஸைத் திறக்கும்போது காயா கூழா என்று தெரியாது; வெப்பத்தில் போகிற வைட்டமின் சி இரண்டு தடவை போகும். தேங்காயும் திரிவதில்லை. துருவலாக உறைய வைத்துத் தேவைக்கு எடுத்து அரைத்துக் கடைசியில் ஊற்றுகிறேன். துருவல் இந்தக் குளிரைத் தாங்குகிறது.

முதல் வழிக்கும் நியாயமாகச் சிலது சொல்ல வேண்டும். தேங்காய் சேராத புளிக்குழம்பு, வெந்தயக் குழம்பு இரண்டும் உறைந்து எழுந்தாலும் சொணங்குவதில்லை. தீயலும் ஓரளவுக்குப் பரவாயில்லை, வறுத்து அரைத்த தேங்காய் பச்சைத் தேங்காய் அளவுக்குப் பிரிவதில்லை. பெரிய ஆச்சரியம் கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் ஏற்கெனவே குழைந்தது, இன்னும் குழைந்தால் யாருக்குத் தெரியும்? வாழைக்காயையும் உருளைக்கிழங்கையும் விலக்கிவிட்டு, தட்டையாக ஒரு பொட்டலம் போட்டு வைத்தால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் வீட்டுக்காரிக்கு அப்பளத்தோடு ஒரு வேளை ஆயிற்று. காலையில் பத்து நிமிடம் கூட அடுப்படியில் நிற்க முடியாத வீட்டுக்கு முழுக்குழம்பு வழிதான் சரி. மசாலா வழியில் தினமும் இருபது நிமிடமாவது சமைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவில் கரண்ட் போய் மூன்றாம் நாள்தான் வந்தது. அப்போது ஃபிரீசரில் புது வழிப் பொட்டலங்களும் இருந்தன, பழைய வழியில் மிஞ்சிய ஒரு புளிக்குழம்பு டப்பாவும் இருந்தது. எது தாங்கியது தெரியுமா? டப்பாதான். தடிமனானது உருக மாட்டேன் என்று அடம் பிடிப்பது அந்த மூன்று நாளில் நல்ல குணமாகிவிட்டது. மூன்றாம் நாளும் அதன் நடுவில் ஐஸ் இருந்தது. மெல்லிய பொட்டலங்கள் மறுநாளே தொளதொளவென்று ஆகி, பருப்பு புளித்த வாசனை. எல்லாவற்றையும் கொட்டினேன். நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி காலியானால் ஒரு நாள் என்பார்கள். நான் பதற்றத்தில் பத்துத் தடவை திறந்து பார்த்திருப்பேன். மாதாந்திர மின்தடை நாளில் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. இப்போது பொட்டலங்களை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்குகிறேன். சேர்ந்து நின்றால் அவையும் ஒரே கட்டி மாதிரிதான். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய்க் காசும் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் இரண்டு கதவு ஃபிரிட்ஜ், மைனஸ் 18 டிகிரி என்ற கணக்கில் சொல்வது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. அதில் ஒரு வாரத்துக்கு மேல் நான் எதையும் நம்பி வைக்க மாட்டேன். மைக்ரோவேவ் எங்கள் வீட்டில் இல்லை, இருக்கிறவர்களுக்கு உருக்கும் தொல்லை பாதியாகக் குறையலாம், அப்போது முழுக்குழம்பின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். கறி, மீன் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. கோழியை மசாலா புரட்டி இரண்டு வாரம் வைத்து எடுத்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. மீனை அன்றன்றைக்கே வாங்கிவிடுகிறோம். ஆறு வாரத்துக்கு மேல் எந்தப் பொட்டலத்தையும் வைத்ததில்லை, அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

இந்த வாரம் உள்ளே ஆறு மசாலா, ஐந்து பருப்பு, மூன்று தட்டப்பயறு, ஒரு கூட்டாஞ்சோறு. ஞாயிற்றுக்கிழமை சொதி வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்கு மட்டும் காலையில் தேங்காய் உடைக்க வேண்டும்.