சொல் கணக்கா, மணிக் கணக்கா?

நாவல் எழுத அன்றாட இலக்கை எழுதிய சொற்களில் வைப்பதா, உட்கார்ந்த மணி நேரத்தில் வைப்பதா? நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பல வருடம் எழுதிவிட்டு நாவலுக்கு வருபவருக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆட்டம் நடக்கும்போதே பாதிச் செய்தியை அடித்து வைத்து, முடிவு தெரிந்ததும் முதல் பத்தியை மேலே ஒட்டி அனுப்பிய கை அது. நாளுக்கு 500 சொல் என்று வைத்தால் அரை மணியில் முடித்துவிடும். வாரம் ஐந்து நாள் எழுதினால் 80,000 சொல் வரைவு 32 வாரத்தில் தயார்.

கோளாறும் அங்கேதான். எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பாத்திரங்கள் 'சொல்லு', 'என்ன?', 'ஒன்றுமில்லை' என்று பேசிக்கொண்டே போவார்கள். பழைய பழக்கத்தில் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே முடிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்தியில் அதுதான் முறை. நாவலில் அடுத்த பத்துப் பக்கமும் வீண்.

மணிக் கணக்கில், காலையில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் இருந்தால் போதும். ஒரு வரிகூட வராவிட்டாலும் கணக்கு நேர். காட்சியை யோசிக்க இடம் கிடைக்கும். ஆனால் கெடு இல்லாமல் எழுதிப் பழகாதவர் முதல் பக்கத்தையே திருத்திக்கொண்டிருப்பார். நேற்று எழுதிய கடைசிப் பக்கத்தைத் தாண்டிப் பின்னால் போவதில்லை என்று வைத்துக்கொண்டால் இது அடங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் இரண்டையும் சேர்த்தே கட்டினார்: கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல். (அஞ்சல் துறை வேலையையும் பார்த்துக்கொண்டு!)

முதல் வரைவுக்குச் சொல் கணக்கே சரி. திருத்தத்துக்கு அது உதவாது; நல்ல திருத்தத்தில் எண்ணிக்கை குறையும். அப்போது மணிக்கு மாறிவிட வேண்டும்.