கிளாசிக் 350-க்கு பழைய பாக்ஸ் மாட்டணும்னா: பட்டையா, பைப்பா, எஸ்எஸ்ஸா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்ல பின்பக்கம் ரெண்டு சைடுலயும் சாமான் வைக்க மாட்டுற பழைய ஹார்டு பாக்ஸ் ஒரு செட் நல்ல விலைக்கு கிடைச்சிரும், ஆனா கூட வர்ற ரேக், அதாவது பாக்ஸை தாங்குற ஸ்டாண்டு, வேற ஏதோ வண்டியோடதா இருக்கும், இல்ல ரேக்கே இருக்காது. அதனால பாக்ஸை தூக்கிட்டு நேரா வெல்டிங் பட்டறைக்கு போறவங்கதான் நம்ம ஊர்ல நெறைய பேரு, அது தப்பும் இல்ல. ஆனா எல்லாரும் பாக்ஸை பத்தியே பேசிட்டு ஸ்டாண்டை பட்டறைக்காரர் இஷ்டத்துக்கு விட்டுர்றாங்க, அங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல.

பட்டறையில பெரும்பாலும் எடுக்குறது 25-க்கு 5 மிமீ எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) பட்டை. ஈஸியா வளையும், ஓட்டை போட ஈஸி, அதனால அண்ணனுக்கு வேலை சீக்கிரம் முடியும். எதிர்ல இருக்குறது 16 மிமீ பைப், 2 மிமீ கனம். பட்டை மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 கிலோ வரும், பைப் 700 கிராம்தான், அப்போ பட்டைதானே ஸ்ட்ராங்குன்னு தோணும். மேல இருந்து வர்ற வெயிட்டுக்கு சரிதான், பட்டை செங்குத்தா நின்னா நல்லாவே தாங்கும், ஆனா பாக்ஸ் பக்கவாட்டுல ஆடும்போது பட்டை அதோட மெல்லிசான பக்கமா வளையுது, அந்த பக்கத்துல கணக்கு போட்டா பைப் சுமார் 8 மடங்கு விறைப்பு. சிங்கிள் சிலிண்டர் வைப்ரேஷன்ல பாக்ஸ் நாள் முழுக்க ஆடிட்டே இருந்தா வெல்டிங் முடியுற ஓரத்துல முடி மாதிரி விரிசல் விடும், அப்புறம் ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல கதை முடிஞ்சிரும். என் ஓட்டு பைப்புக்குதான், பட்டையை பாக்ஸ் உக்கார்ற பிளேட்டுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

அடுத்தது எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாக்க பளபளன்னு இருக்கும், துரு பிடிக்காது, கடலோரத்துல இருக்குறவங்களுக்கு ஆசை வரும். 304 கிரேடு எஸ்எஸ் பைப்பை நல்ல டிக் (ஆர்கான் வாயு வச்சு பண்ற நுணுக்கமான வெல்டிங்) வெல்டர் கையில குடுத்தா அருமையா வரும், அதை மறுக்கல. ஆனா லாங் ரைடுல எங்கயோ ஒரு சின்ன ஊர்ல ஸ்டாண்டு உடைஞ்சா அங்க கேட்டு கிரில் பண்ற பட்டறையில ஆர்க் வெல்டிங் இருக்கும், எஸ்எஸ் ராடு இருக்குமான்னு சொல்ல முடியாது. எம்எஸ்னா பத்து நிமிஷத்துல ஒட்ட வச்சு அனுப்பிருவாங்க. பவுடர் கோட்டிங் பண்ணிட்டு பைப் முனைகளை அடைச்சுட்டா துரு பெரிய விஷயமே இல்ல. அலுமினியம் ஸ்டாண்டு? வேணாம், வெயிட் குறையும்னு போய் வெல்டிங் பக்கத்துல பலம் போயிரும்.

எதுல பண்ணினாலும் மாத்த முடியாத விஷயம் சிலது இருக்கு. ஸ்டாண்டு முழுக்க சேசிஸ்லதான் பிடிக்கணும், ஷாக் அப்சார்பரோட மேல் போல்ட், பின் ஃபுட்ரெஸ்ட் பக்கம், இந்த மாதிரி. கீழ் போல்ட்ல ஒரு கால் வச்சா ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தை பிடிச்சிருக்குற கை) ஏறி இறங்கும்போது ஸ்டாண்டை பிய்ச்சு எறிஞ்சிரும். ரெண்டு பக்கத்தையும் நம்பர் பிளேட்டுக்கு பின்னாடி ஒரு குறுக்கு பைப் போட்டு இணைக்கணும், நிறைய பேரு அழகு போயிரும்னு இதை விட்டுர்றாங்க, ஆனா பாக்ஸ் ஆட்டத்தை பாதிக்கு மேல அடக்குறதே அதுதான். சாரி கார்டை கழட்டி எறியாதீங்க, பின் சக்கரத்துல பாதியாவது மூடி இருக்கணும்னு மோட்டார் வாகன விதி 123 சொல்லுது, அதையும் சேர்த்தே டிசைன் பண்ணலாம். போல்ட் 8.8 கிரேடு (அதிக பலம் உள்ளது) எம்8 (8 மிமீ), நட்டு வைப்ரேஷன்ல லூசாகாத நைலாக் நட்டு. வண்டியில வச்சே டேக் (அங்கங்க சின்ன புள்ளியா வெல்டிங்) அடிக்கிறாங்கன்னா முதல்ல பேட்டரி வயரை கழட்ட சொல்லுங்க, இல்லன்னா ஈசியூ (இன்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னா மிச்சம் புடிச்ச காசெல்லாம் அதுக்கே போயிரும்.

பாக்ஸ்ல பிளாஸ்டிக்கா அலுமினியமான்னா, பழசு வாங்கும்போது நான் அலுமினியம் பக்கம். நெளிஞ்சா தட்டி எடுத்துக்கலாம், ரிவெட் ஓரத்துல தண்ணி கசிஞ்சா சீலன்ட் போதும். பிளாஸ்டிக் லேசு, கிவி (Givi) மாதிரி கம்பெனி பாக்ஸ்ல லாக் சிஸ்டமும் அருமை, ஆனா அந்த கொக்கி உக்கார்ற இடத்துல விரிசல் இருந்தா எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வேணாம், சாவி இல்லன்னாலும் வேணாம். இன்னொன்னு, கிளாசிக்ல சைலன்சர் வலது பக்கம், பிளாஸ்டிக் பாக்ஸை ஒட்டி வச்சா உருகிரும், அதனால வலது பாக்ஸ் வெளிய தள்ளி போகும். இடது பாக்ஸையும் அதே தூரத்துக்கு தள்ளிருங்க, மொத்த அகலம் ஹேண்டில்பாரை தாண்டாம பாத்துக்கோங்க, இண்டிகேட்டர் மறையுதான்னும் பின்னாடி நின்னு பாருங்க. அட்டையில கட் பண்ணி அளவு பாத்துட்டு அப்புறம் பைப்பை வெட்டினா இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிரும்.

சாஃப்ட் பேக்கே போதுமேன்னு கேக்குறவங்களுக்கு, மண் ரோடு, மலைப்பாதைன்னு அதிகம் போறவங்கன்னா ஆமா, போதும். வண்டி சாயும்போது ஹார்டு பாக்ஸுக்கு அடியில கால் மாட்டுச்சுன்னா எலும்பு போயிரும், துணி பேக் அந்த அளவுக்கு பண்ணாது. ஆனா அதுக்கும் சக்கரத்துக்குள்ளயோ சைலன்சர் மேலயோ சாயாம இருக்க ஒரு ஸ்டே (தடுப்பு கம்பி) வேணும், ஆக பட்டறைக்கு போற வேலை மட்டும் எப்படியும் மிச்சமாகாது.