துகேலாவில் ராஃப்டிங்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், அலுவலகத்துக்கு இரண்டு

செப்டம்பர் 24 இங்கே தென்னாப்பிரிக்காவில் ஹெரிடேஜ் டே, அரசு விடுமுறை. கோயம்புத்தூரிலிருந்து கொழுந்தன் வந்திருந்தான். டர்பன் கடற்கரையையே எத்தனை நாள் காட்டுவது என்று, துகேலா ஆற்றின் மலையிடுக்கில் ஒரு நாள் ராஃப்டிங்குக்கு (ரப்பர் படகில் ஆற்றோடு போகும் சாகசம்) நான்தான் ஏற்பாடு செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகளும் சேர்ந்துகொள்ள, மொத்தம் ஆறு பேர். தலைக்கு 950 ரேண்ட், பாதி முன்பணம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டுமுன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "தண்ணீர் இருக்குமா?" "வருஷம் முழுக்க ஓடும் ஆறு மேடம்" என்றார்கள். பொய் இல்லை. ஓடத்தான் செய்கிறது, கணுக்கால் அளவுக்கு. துகேலா டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பிறக்கிறது. அந்தப் பக்கம் மழை கோடையில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை. செப்டம்பர் என்றால் வறட்சியின் கடைசி. வைகைக்கரையில் வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, சரி. விற்கிறவர் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஆற்றுக்குப் போகும் கடைசி சில கிலோமீட்டர் கல்லும் குழியுமான மண்பாதை. அதையும் யாரும் சொல்லவில்லை. எங்கள் கொரொல்லா காரின் அடிவயிறு இரண்டு முறை தரையில் உரசிய பிறகு, வண்டியை ஒரு பண்ணைக் கடை வாசலில் விட்டுவிட்டு அவர்களுடைய பேக்கியின் (பின்னால் திறந்த சின்ன பிக்அப் வண்டி) பின்னால் ஏறிப் போனோம்.

வழியில் கொலென்சோ என்ற ஊரைத் தாண்டினோம். 1899 டிசம்பர் 15-ஆம் தேதி போயர்களோடு (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) நடந்த போரில் இங்கே பிரிட்டிஷ் படை அடி வாங்கியது. காயம்பட்டவர்களைத் தூளியில் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்தியர் சுமார் 1,100 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் கரும்புத்தோட்ட ஒப்பந்தக் கூலிகள். அக்கா சன்னலோரம் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

இனி நல்லது. வழிகாட்டி ஒரு ஜூலு இளைஞர். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். என் பையனுடையது மூக்குவரை ஏறியது. கழற்றச் சொல்லி, சின்னதாக வேறொன்று கொடுத்து, மறுபடி இழுத்துப் பார்த்த பிறகுதான் விட்டார். படகு கவிழ்ந்தால் மல்லாந்து படு, கால் முன்னால் போகட்டும், ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதே, பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும் என்று மணலில் படுத்தே காட்டினார்.

படகு இருவர் உட்காரும் காற்றடைத்த ரப்பர் படகு. இங்கே அதற்குக் 'கிராக்' என்று பெயர், ஆங்கிலத்தில் முதலையையும் சுருக்கமாக அப்படித்தான் சொல்வார்கள். போனில் இதைக் கேட்ட மாமியார் "முதலை மேலயா ஏறப் போறீங்க?" என்று பதறியது தனிக்கதை.

தண்ணீரைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். பரப்பில் அம்புமுனை மாதிரி ஒரு வடிவம் தெரியும். முனை ஆறு போகும் பக்கம் காட்டினால் அது வழி, துணிந்து போகலாம். முனை நம்மைப் பார்த்தால் அதன் நுனியில் பாறை ஒளிந்திருக்கிறது. பத்தே நிமிடத்தில் பையன் பிடித்துக்கொண்டான். எனக்கு இரண்டு பாறை இடித்த பிறகுதான் புரிந்தது.

ஆனால் தண்ணீரே இல்லாத இடத்தில் எதைப் படிப்பது? பாதி நேரம் இறங்கிப் படகை இழுத்தோம். "அண்ணி, இது ராஃப்டிங் இல்லை, சுமைதூக்கல்" என்றான் கொழுந்தன். ஆழம் கிடைத்த மூன்று நான்கு இடங்களில் மட்டும் இரண்டு பக்கமும் பாறைச்சுவர் நெருங்கி வந்து, வயிறு ஒரு கணம் மேலே ஏறி இறங்கியது. அந்தக் கணங்களுக்காகத்தான் இன்னும் கோபம் முழுசாக வரவில்லை.

சாப்பாடு. புரட்டாசி என்பதால் அக்கா வீட்டில் விரதம். சைவம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். ஹெரிடேஜ் டேயை இங்கே பிராய் டே என்றும் சொல்வார்கள், ஊரே இறைச்சி சுடும். எங்களுக்கு வந்த 'சைவம்' சுட்ட கோழியும் சாலட்டும்! அக்கா அசரவில்லை. பையைத் திறந்து பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை எடுத்தார். வழிகாட்டியும் கோழியை விட்டுவிட்டு அதில் இரண்டு வாங்கித் தின்றார்.

திரும்பி வந்து எழுதிக் கேட்டதற்குப் பணம் தரமாட்டார்களாம். அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, மே மாதம் வரை செல்லும். வாங்கிக்கொண்டேன். ஜனவரிக் கடைசியில் போகிறோம், அதே வழிகாட்டி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வாரம் மலையில் மழை பெய்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் முன்பணம். கொரொல்லா வீட்டிலேயே நிற்கும், அக்காவின் தம்பி பேக்கி தருகிறேன் என்றிருக்கிறார்.