மீதி என்றால் கழி: இதை நம்பலாமா?

"தோப்பில் 15 இளநீர் இருந்தது. 6 இளநீரை வெட்டிவிட்டார்கள். மீதி எத்தனை?" பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் கிராமத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு யோசிக்காமல் 9 என்பார்கள். அதே பிள்ளைகளிடம், "மகிழனிடம் 9 கோலி இருக்கிறது. அது கயலிடம் இருப்பதைவிட 4 அதிகம். கயலிடம் எத்தனை?" என்று கேட்டேன். மாலையில் என்னிடம் படிக்க வரும் எட்டுப் பேரில் ஐந்து பேர் 13 என்றார்கள். 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டிவிட்டார்கள்.

கழித்தல் வாழ்க்கைக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க நான் பார்த்த வழிகள் நான்கு. அவற்றில் அதிகம் புழங்குவது இந்தக் குறிச்சொல் வழிதான். மீதி, குறைவு, விற்றான் என்றால் கழி. மொத்தம், அதிகம், வாங்கினான் என்றால் கூட்டு. ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம், மறுநாள் தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும். இதை விடாப்பிடியாக ஆதரிப்பவர் பக்கத்து வீட்டு அப்புச்சி. நாற்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். "மீதி என்றால் கழி, அவ்வளவுதான் அம்மிணி. எதற்கு இத்தனை சுற்று?" என்பார்.

சிக்கல் என்னவென்றால், பிள்ளை கதையைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. 15, 6 என்ற இரண்டு எண்கள் காதில் விழுந்ததும் பென்சில் கிளம்பிவிடும். வெட்டினார்களா வாங்கினார்களா என்று தெரிவதற்குள் விடை எழுதியாகிவிடும். 1979இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிறு பிள்ளைகளிடம், "கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனுக்கு வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே விடை சொன்னார்கள். கப்பலை ஆட்டுப்பட்டியாக மாற்றி நானும் கேட்டேன். மூன்று பேர் 36 என்றார்கள். ஒருத்தி மட்டும், "ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?" என்று கேட்டாள்.

இரண்டாவது, புளியங்கொட்டை. ஆறேழு வயதுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் முடிவு. கதையைக் கையால் நடத்திக் காட்டினால் அவசரம் தானாக அடங்கிவிடும். ஆனால் எல்லாக் கதையையும் 'எடுத்து வைத்து' நடத்தக் கூடாது. கழித்தல் என்றாலே எடுப்பது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். கோலிக் கணக்கில் யாரும் எதையும் எடுக்கவில்லை. இருவரிடம் இருப்பதை ஒப்பிடுகிறோம். அங்கே இரண்டு வரிசை அடுக்கி, ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து, ஜோடியில்லாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். "பையில் 7 மாங்காய் இருக்கிறது, 12 ஆக இன்னும் எத்தனை வேண்டும்?" என்றால் ஏழுக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். விடை காண மூன்றுமே கழித்தல்தான், கை செய்யும் வேலை மட்டும் மூன்று விதம். எண் ஐம்பதைத் தாண்டினால் கொட்டை உதவாது. பாதி யாராவது ஒருவர் சட்டைப் பைக்குள் போயிருக்கும்.

மூன்றாவது, பட்டைப் படம். சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1980களில் கொண்டுவந்த முறை: எண்ணுக்குப் பதில் நீளமான கட்டம், ஒன்றின்கீழ் ஒன்று. ஒப்பீட்டுக் கணக்கு இதில் பளிச்சென்று தெரியும். திருப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பனியன் துணித் துண்டுகளில் முதலில் செய்து பார்த்தேன். ஒருவன் தன் பட்டையை இழுத்துப் பிடித்து, "எனக்குத்தான் அதிகம்" என்றான். அன்றே அட்டைக்கு மாறினேன். பட்டையில் கட்டம் பிரித்திருந்தால்தான் முதல் வகுப்புக்குப் பிடிபடுகிறது. வெறும் பட்டையை '9' என்று ஏற்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. மூன்றாம் வகுப்பில் இதை நம்பி இறங்கலாம்.

நான்காவது, சந்தைக் கணக்கு. இது பாடம் என்பதே பலருக்குத் தெரியாது. 64 ரூபாய்க்குக் காய் வாங்கி 100 ரூபாய் நீட்டினால், சந்தையில் கடை போட்டிருக்கும் அக்கா மனத்துக்குள் கழிப்பதில்லை. ஒரு ரூபாய் வைத்து 65, ஐந்து வைத்து 70, பத்து வைத்து 80, இருபது வைத்து 100. கைக்கு வந்தது 36. கழிக்கும்போது பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கும் தொல்லையும் இல்லை: 52இல் 37 போக எத்தனை என்றால் 40க்கு 3, 50க்கு 10, இன்னும் 2, ஆக 15. 'இன்னும் எத்தனை வேண்டும்', 'எத்தனை அதிகம்' போன்ற கேள்விகளுக்கு இது கச்சிதம். 52இல் 3 போக எத்தனை என்றால் ஏறிப்போவது வீண். மூன்று படி இறங்கினால் போதும்.

ஆகவே நான் புளியங்கொட்டையில் தொடங்கி, பட்டைக்குப் போய், பெரிய எண் வந்ததும் சந்தைக்குப் போகிறேன். குறிச்சொல் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். எழுதும் முன் கதையை எண்ணே இல்லாமல் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதி.

அப்புச்சிக்கு இதில் உடன்பாடு இல்லை. போன வாரம் அவர் பேத்தியைக் கடைக்கு அனுப்பி, அவள் கொண்டுவந்த சில்லறையைத் திண்ணையில் உட்கார்ந்து சரிபார்த்தார். "கண்ணு, 64... 65, 70, 80, 100. சரியாக இருக்கிறது" என்றார்.