வெளிமானுக்குச் சினை ஊசியா, புல்வெளியா?

தருமபுரிப் பக்கம் எங்கள் வீட்டுப் பசு விடாமல் கத்த ஆரம்பித்தால், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சினை ஊசி போடுபவரைத் தேடிப் போவார். அவர் வந்து குடுவையைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழியும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். இடுக்கியால் உறைந்த விந்து அடைத்த ஒரு குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போடுவார். கால் மில்லி விந்துதான், வேலை முடிந்தது.

அப்படிப்பட்ட குச்சிகளைத் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம் ஒன்று, இப்போது நான் இருக்கும் பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் இருக்கிறது. அதே ஊரில் பெரிய புல்வெளியும் இருக்கிறது. இரலை இனங்களைக் காப்பாற்ற இந்த இரண்டில் எதை நம்பலாம்? (நாம் எல்லாவற்றையும் மான் என்றுதான் சொல்கிறோம். ஆண்டுதோறும் கொம்பு விழுந்து முளைக்கும் புள்ளிமான் வேறு, கொம்பே விழாத வெளிமான் போன்ற இரலைகள் வேறு. இங்கே பேச்சு பின்னதைப் பற்றி.)

குச்சிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இரலைகள் பயந்த சுபாவம். துரத்திப் பிடித்தால் தசை சிதைந்து ஓரிரு நாளில் செத்தும் போகலாம். ஒரு கிடாவை லாரியில் ஏற்றி வேறு உயிரியல் பூங்காவுக்கு அனுப்புவதைவிட அதன் விந்தை அனுப்புவது மேல். கிடா செத்த சில மணி நேரத்துக்குள் விதைப்பையிலிருந்துகூட எடுத்துவிடலாம். 2015இல் கஜகஸ்தானில் சைகா இரலைகள் சில வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் மடிந்தன. அப்படி ஒரு நோய் வந்தால் நைட்ரஜன் தொட்டியில் உறைந்திருக்கும் விந்துதான் மிச்சம்.

ஆனால் பருவம் வந்ததைப் பசு கத்திச் சொல்லும், பெண் இரலை சொல்லாது. ஹார்மோன் கொடுத்துப் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு மறுபடி மறுபடி பிடிக்க வேண்டும். காளைக்கு ஒத்துவரும் உறைய வைக்கும் முறை எல்லா இரலைக்கும் ஒத்துவராது. முடியாதது இல்லை: ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் செயற்கைக் கருவூட்டலில் வெளிமான் குட்டியைப் பிறக்கவைத்தது. ஸ்பெயினின் அல்மேரியாவில் உறைந்த விந்திலிருந்தே மோர் கசெல் என்ற ஆப்பிரிக்க இரலை பிறந்தது. மெதுவான வேலை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன இரலை. 1972இல் காட்டில் கடைசி ஓரிக்ஸும் போனது. அதற்குப் பத்தாண்டு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பெருக்கத் தொடங்கியிருந்ததால், 1982இல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட முடிந்தது. உயிருள்ள மந்தையே போதுமானதாக இருந்தது. அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் வந்தார்கள், மந்தை கரைந்தது. ஓமன் அரசு சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் வெட்டியது. 2007இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே அதை நீக்கியது. முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் அதுதான். எத்தனை தொட்டி நிறைய விந்து இருந்திருந்தாலும் அந்த நிலத்தைத் திருப்பித் தந்திருக்காது.

என் ஓட்டு புல்வெளிக்கு. நம் ஊர் வெளிமானுக்குக் கட்டாயமாக அதுதான். கர்நாடகத்தின் மதுகிரி அருகே மைதனஹள்ளியில் அவை துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதிரி நிலத்தைத்தான் தரிசு என்று எழுதி வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறோம். பூங்காவில் நூறோ ஐம்பதோ மட்டும் மிஞ்சி, உறவுக்குள்ளேயே கலந்துகொண்டிருக்கும் இனமென்றால் குச்சி தேவை. அதற்கும் இப்போதே, சாகும் கிடாக்களிடமிருந்து சேர்க்கத் தொடங்கினால்தான் உண்டு.