மேமோகிராமா, கைப் பரிசோதனையா?

மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய மார்பகத்தை எக்ஸ்ரே படம் எடுப்பதே மேமோகிராம். அது விரலுக்குத் தட்டுப்படாத கட்டியையும் காட்டும். ஆனால் கருவியும் படம் பார்த்துச் சொல்லும் மருத்துவரும் பெரும்பாலும் நகரத்தில். கூலி வேலை செய்பவருக்கு ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகும். இளவயதில் திசு அடர்த்தியால் கட்டி படத்தில் மறையவும் கூடும்.

கைப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் போதும். நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் மார்பு முழுவதும், அக்குள், காறை எலும்பின் மேல்புறம் வரை அழுத்திப் பார்ப்பார். 1998இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் சுமார் 1.5 லட்சம் பெண்கள். பாதிப்பேருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30% குறைந்தது, இளையோரில் குறையவில்லை. சிறு கட்டி தப்பும்தான். ஆனால் பெரிய ஓட்டை வேறு: கட்டி தெரிந்தும் மேல்சோதனைக்குப் போகாமல் விடுவது. ஊரில் இதைத் தொடங்குவோர் முதலில் அந்தப் பயணச் செலவுக்கு வழி செய்யட்டும்.